வண்டி வாங்குமுன்

பூதலூர்,
வைகாசி.

அன்புள்ள தேன்மொழிக்கு,

மாமா எழுதுகிறேன். அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? தைலம் தேய்ப்பதோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டச் சொல். சொன்னால் கேட்க மாட்டாள், நீதான் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும்.

"தொட்டி வச்ச வண்டி ஒண்ணு வாங்கிடலாமா மாமா?" என்று அன்றைக்குப் போனில் கேட்டாய். நான் பிடிகொடுக்காமல் பேசிவிட்டேன் என்று உனக்கு வருத்தம் என்று அத்தை சொன்னாள். கணக்கு போனில் நிற்காது அம்மாடி. காகிதத்தில் இருந்தால் நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பார்க்கலாம், எண்ணை மாற்றிப் போட்டும் பார்க்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன்குஞ்சை நோகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கச் செலவழிக்கிற பணம் பல மடங்காகத் திரும்புகிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் செலவழிப்பது நீ. திரும்புவது வாங்கியவர் குளத்தில், அதுவும் எட்டுப் பத்து மாதம் கழித்து, அவருக்கே தெரியாமல். இந்தக் கோணலை நிமிர்த்தாமல் எந்த வண்டி வாங்கினாலும் நீ கடன் கட்டுவாய், ஊரில் உள்ளவர்கள் லாபம் எடுப்பார்கள்.

பையில் குஞ்சு ஏன் சாகிறது என்று யாரைக் கேட்டாலும் "ஆக்சிஜன் போதலை" என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நாம் போடுகிற பையில் 6 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் 12 லிட்டர் ஆக்சிஜன். அந்த ஆக்சிஜனின் எடை ஏறத்தாழ 15 கிராம். 2 கிராம் எடையுள்ள விரலிக் குஞ்சு 400 போட்டால் 800 கிராம் மீன். நம்முடைய 30 டிகிரித் தண்ணீரில் அவ்வளவு மீனும் சேர்ந்து மணிக்கு அரை கிராம் ஆக்சிஜன்கூட இழுக்காது. வலையில் மாட்டிப் பதறிய மீன் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். அப்படியே வைத்தாலும் பத்து மணி நேரம் தாங்கும். உன் ஒரத்தநாட்டிலிருந்து அறந்தாங்கிக்குப் போக அவ்வளவு நேரமா ஆகிறது? பிறகு ஏன் பையைப் பிரித்தால் பல மல்லாந்து கிடக்கின்றன?

உள்ளே போனதைப் பார்த்தோம், வெளியே வந்ததையும் பார்க்க வேண்டும். மீன் விட்ட கரியமில வாயுவுக்குப் போக்கிடம் கிடையாது, பை இறுகக் கட்டியிருக்கிறது. தண்ணீரில் கரைந்து, செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுகிறது. அந்த வாயு ஏறிய ரத்தம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் சக்தியை இழந்துவிடும். சுற்றிலும் ஆக்சிஜன் நிறைந்திருக்க, மீன் மூச்சுத் திணறிச் சாகும். 400 போட்ட பையில் இந்த வாயு 200 போட்ட பையைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஏறும். நான்கைந்து மணி நேரத்தில் ஆபத்தான அளவைத் தொட்டுவிடும். ஆக்சிஜனை இன்னும் கொஞ்சம் அழுத்தி அடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் பையை வெடிக்க வைப்பதுதான் மிச்சம்.

அடுத்தது அம்மோனியா. இது செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் வருகிறது. இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது, கவனமாகப் படி. கரியமில வாயு ஏற ஏறத் தண்ணீர் புளித்துப்போய் அதன் பி.எச். இறங்கும். பி.எச். குறைந்த தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அவ்வளவாக நஞ்சில்லாத வடிவத்தில் இருக்கும். அதனால் பை மூடியிருக்கிற வரைக்கும் ஒரு கேடு இன்னொரு கேட்டை அடக்கி வைத்திருக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறுகிறது, பி.எச். மேலே போகிறது, அடங்கிக் கிடந்த அம்மோனியா நஞ்சாகிறது. பி.எச். ஒரு படி, அதாவது 7இலிருந்து 8க்கு ஏறினால் நஞ்சு வடிவம் சுமார் பத்து மடங்கு கூடும். "பையைத் திறந்து வைத்து அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்துத் தண்ணீர் ஊத்துங்க" என்று சொல்லிக்கொடுப்பது நெடும்பயணம் வந்த பைக்குப் பொருந்தாது. மூடிய பையைக் குளத்தில் மிதக்கவிட்டு, கால் மணி இருபது நிமிஷத்தில் சூடு சமமானதும் திறக்க வேண்டும். திறந்த பிறகு சுணங்கக் கூடாது. இரண்டு மூன்று முறை குளத்துத் தண்ணீரை அள்ளிச் சேர், பையைச் சாய், குஞ்சு தானாக நீந்திப் போகட்டும். பச்சைப் பசேலென்று பாசி பிடித்த குளத்தில் மத்தியானம் பி.எச். 9 வரைக்கும் போகும், அந்த நேரத்தில் விடவே கூடாது. விடியற்காலையில் குளத்திலேயே ஆக்சிஜன் குறைவு, அதுவும் ஆகாது. காலை ஏழு எட்டு மணிதான் நல்ல நேரம்.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம், சாவுக்குக் காரணம் இன்னதென்று தெரியாவிட்டால் எதற்குச் செலவு செய்வது என்றும் தெரியாது. சிலிண்டருக்கும் தொட்டிக்கும் லட்சக்கணக்கில் போடத் தயாராக இருக்கிறாய். பையில் எண்ணிக்கையைக் குறைக்கவும், முந்தின நாள் பட்டினி போடவும் சில நூறு ரூபாய்தான் ஆகும். முதலில் இதைச் செய்து பார்.

குஞ்சைக் கொண்டுபோகிற வழக்கத்தின் கதையையும் கேள். அந்தக் காலத்தில் கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டைகள் எல்லாம் கங்கையில் வெள்ளம் வரும்போது வலை கட்டிப் பிடித்த குஞ்சுதான். வங்காளத்திலிருந்து மண்பானையில் ஊற்றி, ஹௌராவில் ரயிலேற்றிப் பல மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். கூடவே ஆள் வருவார். ஓயாமல் பானையை ஆட்டிக்கொண்டும், கையால் தண்ணீரைத் தட்டிக்கொண்டும், அடியில் செத்துக் கிடப்பதை எடுத்துப் போட்டுக்கொண்டும், வழியில் தண்ணீர் மாற்றிக்கொண்டும் வருவார். மண்பானை வேர்ப்பதால் உள்ளே குளிர்ச்சி. கொஞ்சம் செம்மண் தூவினால் அழுக்கு படிந்து அடங்கும் என்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி ஊசி போட்டுக் கெண்டையைப் பண்ணையிலேயே முட்டையிட வைத்த பிறகுதான் கெண்டைப் பொரிப்பகம் என்பதே நம் பக்கம் வந்தது. அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். குஞ்சு உற்பத்தி அப்படித் தாண்டிக் குதித்தது. ஆனால் நம் பக்கம் குஞ்சைக் கொண்டுபோகிற முறையில் மண்பானைக்குப் பிறகு பாலித்தீன் பை வந்தது, அத்தோடு சரி. பானைக்காரர் தட்டிய தட்டில் கரியமில வாயுவும் வெளியேறியது. பையில் அந்த வசதி போய்விட்டது. ஆள் கூடவே வருகிற கவனிப்பும் போய்விட்டது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஹெக்டேருக்கு 10,000 விரலி என்று பொதுவாகச் சொல்வதை ஏக்கருக்கு 4,000 என்று வைத்துக்கொள். ஒரு விரலி 3 ரூபாய், ஆக 12,000 ரூபாய் சரக்கு. இப்போது பைக்கு 400 வீதம் 10 பையில் அனுப்புகிறாய். அதையே பைக்கு 200 வீதம் 20 பையில் அனுப்பினால் கூடுதல் 10 பை. பை, ஆக்சிஜன், ரப்பர் பேண்ட் எல்லாம் சேர்த்துப் பைக்கு 40 ரூபாய் என்றால் 400. ஒரு நாள் முன்னாலேயே பிடித்து குளத்து வலைத்தொட்டியான ஹாப்பாவில் பட்டினி போட ஆள் கூலி, கல் உப்பு, ஐஸ், ராத்திரியில் ஓட்ட டிரைவருக்குக் கூடுதல் படி, இதெல்லாம் ஒரு 600. மொத்தம் 1,000 ரூபாய். விரலிக்கு 25 காசு. இருபது பையும் குட்டி யானை வண்டியில் தாராளமாக ஏறும், வண்டி வாடகை மாறாது.

வாங்குகிறவர் பக்கம் வா. முதல் வாரத்தில் நூற்றுக்கு 70 தங்கிய இடத்தில் 85 தங்கியது என்று வை. 600 குஞ்சு அதிகம். அதில் ஐந்தில் நான்கு பங்கு அறுவடை வரைக்கும் வந்தால் 480 மீன், ஒன்று முக்கால் கிலோ, ஆக 360 கிலோ. குளத்தங்கரை விலை கிலோ 120, தீவனச் செலவு கிலோவுக்கு 60 என்றால் நிகரமாக 21,600 ரூபாய்.

இந்த இடத்தில் உடனே சந்தோஷப்படாதே. குளத்தில் மீன் குறைந்தால் மிச்சமிருக்கிற மீன் கொஞ்சம் பெரிதாக வளரும். குளத்தின் தீனியையும் இடத்தையும் அவை பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் 600 குஞ்சு செத்ததால் வந்த நஷ்டம் முழுவதும் நஷ்டமாகாது. சரக்கு விற்க வருகிறவர்கள் இந்தக் கழிவைச் சொல்லவே மாட்டார்கள். நான் பாதியைக் கழிக்கிறேன். அப்படியும் 10,800 மிஞ்சுகிறது. உன் 1,000 ரூபாய் அங்கே பத்து மடங்காகிறது.

எந்த இடத்தில் வரவுக்கும் செலவுக்கும் சரியாகும் என்றும் போட்டுப் பார்த்தேன். 4,000 விரலியில் கூடுதலாக ஏறக்குறைய 56 பிழைத்தால் போதும், 1,000 ரூபாய் திரும்பிவிடும். நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. என் எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இந்த முடிவு அசையாது. மீன் விலை பாதியாக விழுந்தால்தான் அசையும்.

அப்படியானால் ஏன் யாரும் செய்வதில்லை? காரணம் எளிது. வாங்குகிறவர் பார்ப்பது, பை பிரித்த நேரத்தில் எத்தனை செத்துக் கிடக்கிறது என்பதை மட்டும்தான். உண்மையான சாவு அப்புறம்தான். இழுவலையில் உரசிச் செதில் போய், மேலிருக்கிற கோழையும் போன குஞ்சுக்கு மூன்றாம் நாள் நான்காம் நாள் பஞ்சு பூத்த மாதிரி பூஞ்சை பிடிக்கும், இல்லாவிட்டால் செவுள் அழுகும். சின்னக் குஞ்சு செத்தால் எல்லாம் மிதக்காது. மிதந்ததைக் கொக்கும் நீர்க்காகமும் கொண்டுபோகும், அடியில் கிடந்தது கரைந்துபோகும். அறுவடையில் மீன் குறைந்தால் "பாம்பு தின்னிருக்கும், எவனோ ராத்திரியில வலை போட்டிருக்கான்" என்பார்கள். குஞ்சு விற்றவன் பெயர் அப்போது யாருக்கும் நினைவுக்கு வராது. நல்ல குஞ்சு கொடுத்தவன் பெயரும் வராது, அதுதான் உனக்கு நஷ்டம்.

இதற்கு நம் வியாபாரத்தில் கண்டுபிடித்த மருந்து கொசுறு. "வழியில செத்தா நான் என்ன பண்ணுறது, நூத்துக்குப் பத்து சேத்துப் போட்டிருக்கேன்." வாங்குகிறவருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தப் பத்தும் அதே பையில் அதே தண்ணீரில்தான் போகிறது. ஏற்கெனவே நெருக்கமான பையில் இன்னும் நெருக்கம். சாவுக்கு ஈடாகக் கொடுத்த குஞ்சு சாவைக் கூட்டுகிறது. கொசுறு கொடுக்கிற பழக்கத்தை நீ விட வேண்டும் என்றுதான் சொல்வேன். கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒருவர் நின்றால் அதைத் தனிப் பையில் கொடு.

பட்டினி விஷயத்தில் மாப்பிள்ளையிடம் நான் பலமுறை பேசியிருக்கிறேன். தவிடும் கடலைப் புண்ணாக்கும் தின்ற வயிறோடு பிடித்துப் பையில் போட்டால் வழியெல்லாம் கழியும், தண்ணீர் கெடும். விரலிக்கு ஒரு நாள் முழுக்கத் தீனி நிறுத்த வேண்டும். ஹாப்பாவில் நெருக்கி வைத்தால் நெருக்கத்துக்கும் பழகும், நோஞ்சானும் வலையில் அடிபட்டதும் அங்கேயே சாகும். உன் ஹாப்பாவில் சாவது உனக்கு நஷ்டம் என்று பார்க்காதே. அவை எப்படியும் சாகப்போகிறவை, இடையில் மற்றவற்றின் தண்ணீரைக் கெடுக்காமல் போனது லாபம். ஆழ்குழாய்த் தண்ணீரை அப்படியே பையில் பிடிக்காதே. அதில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். ராத்திரி முழுக்கக் காற்றடித்து வைத்துப் பிடி. லிட்டருக்கு 3 கிராம், 4 கிராம் கல் உப்பு போடு. நன்னீர் மீனின் ரத்தத்தில் உப்பு தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். அடிபட்டுப் பதறும்போது அந்த உப்பு செவுள் வழியே வெளியே கசியும், தண்ணீர் உள்ளே ஏறும். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் இந்தப் போராட்டம் குறையும். மருந்துக்கடைக்காரர் சொல்கிற எந்தப் பொடியையும்விட இந்த உப்பை நான் நம்புவேன்.

பையின் அடி மூலைகள் இரண்டையும் மடித்து ரப்பர் பேண்ட் போடு. கூரான மூலையில் குஞ்சு போய் ஒன்றன்மேல் ஒன்று அடைந்து அழுந்திச் சாகும். இதற்கு ஆகும் செலவைக் கணக்கில் எழுதவே வேண்டாம், ஆனாலும் யாரும் செய்வதில்லை. திலாப்பியாவுக்கு இரட்டைப் பை போடு, முதுகு முள் குத்திவிடும். ஐஸைப் பைக்குள் போடாமல் பைகளுக்கு நடுவே வைத்து ஈரச்சாக்கு போர்த்து. தண்ணீர் பத்து டிகிரி குளிர்ந்தால் மீன் இழுக்கும் மூச்சு ஏறக்குறைய பாதியாகும். நாம் பத்து டிகிரி குளிர வைக்கப் போவதில்லை, இரண்டு மூன்று குறைந்தாலே நல்லது. அதற்கு ராத்திரிப் பயணம்தான் மலிவான ஏ.சி. டிரைவர் டீக்கடையில் அரை மணி நேரம் நிறுத்தக் கூடாது. வண்டி குலுங்கினால்தான் மேலே இருக்கிற ஆக்சிஜன் தண்ணீரில் கலக்கும்.

இப்போது உன் வண்டி. கொட்டேஷன் 9 லட்சம் என்றாய். வட்டி 10 சதவீதம், வருஷத்துக்கு 90,000. பத்து வருஷம் உழைக்கும் என்றால் தேய்மானம் 90,000. இன்சூரன்ஸ், பெர்மிட், டயர், ரிப்பேர் 45,000. ஐந்து மாதத்துக்கு டிரைவர் சம்பளம் 75,000. ஆக 3 லட்சம். மேட்டூர் அணை திறந்து நம் பக்கம் ஏரி குளம் நிரம்பி, மழை முடிகிற வரைக்கும்தான் குஞ்சு ஓட்டம். அதற்குள் 60 நடை போனாலும் நடைக்கு 5,000 ரூபாய், டீசல் தனி. ஒரு நடையில் ஓர் ஏக்கர்க்காரருக்கு 4,000 விரலி கொண்டுபோனால் விரலிக்கு 1 ரூபாய் 25 காசு ஏறுகிறது. பையில் எண்ணிக்கையைக் குறைத்து அனுப்ப ஆகும் கூடுதல் 25 காசு.

தொட்டிக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. பையால் முடியாத காரியம் ஒன்றை அது செய்யும். கை நீளக் குஞ்சைப் பையில் கொண்டுபோக முடியாது. பத்து இருபது போட்டாலே பை நிறைந்துவிடும். பெரிய குஞ்சு கொக்குக்கும் விராலுக்கும் தப்பும், சீக்கிரம் அறுவடைக்கு வரும். ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கம் குஞ்சை நெருக்கி வைத்து ஒரு வருஷம் வளர்த்து, 100 கிராமுக்கு மேல் ஆனதைத்தான் குளத்தில் விடுகிறார்கள். அவர்கள் கெண்டை வளர்ப்பில் முன்னால் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த அளவு மீனை லாரித் தொட்டிதான் சுமக்கும். நீயும் அந்த மாதிரிப் பெரிய குஞ்சு வளர்த்து விற்கப்போகிறாய் என்றால், தொட்டி வண்டி அதோடு சேர்ந்த முதலீடு. விரலி விற்க மட்டும் என்றால் அது அதிகப்படி.

கொட்டேஷனில் தண்ணீரின் எடையைப் பார்த்தாயா? 1,000 லிட்டர் என்றால் 1 டன். குட்டி யானை தாங்காது, பிக்கப் வேண்டும். தொட்டிக்குள் தடுப்புப் பலகை இல்லாவிட்டால் பிரேக் போடும்போது தண்ணீர் முன்னால் பாய்ந்து குஞ்சைச் சுவரில் அடிக்கும், வளைவில் வண்டியும் சாயும். லிட்டருக்கு 30 கிராம் மீன் என்று பதமாகப் போட்டால் 2 கிராம் விரலி 15,000 ஏறும். அவ்வளவும் ஏற்றிப் போனால் விரலிக்கு 33 காசுதான் விழும், நியாயமான செலவு. ஆக, ஒரே பாதையில் மூன்று நான்கு பேர் ஆர்டரைச் சேர்க்க முடிகிறதா என்பதே கேள்வி. சிலிண்டர் மட்டும் வைத்து நுண்குமிழி விட்டால் ஆக்சிஜன் ஏறும், கரியமில வாயு போகாது. மூடியில் காற்றுப் போக வழியும், காற்றடிக்கும் பிளோயரும் வேண்டும். விற்க வந்தவர் பிளோயரைக் "கூடுதல் வசதி" என்று எழுதியிருப்பதாகச் சொன்னாய். அது இல்லாவிட்டால் அந்தத் தொட்டி பெரிய பைதான்.

மானியம் பற்றி மாப்பிள்ளை சொன்னாராம். 2020இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று வகுத்தார்கள். எந்த வண்டி பட்டியலில் இருக்கிறது என்பதைத் தஞ்சாவூர் மீன்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள். உன் பெயரில் 60 சதவீதம் முழுதாகக் கிடைத்தாலும் வட்டியும் தேய்மானமும் 72,000 ஆகக் குறையும். டிரைவரும் டயரும் இன்சூரன்ஸும் குறையாது. நடைக்கு 3,200 நிற்கும். 4,000 விரலிக்குப் பிரித்தால் 80 காசு. மானியம் வாங்கும் விலையைக் குறைக்கும், ஏழு மாதம் வண்டி சும்மா நிற்பதை அது குறைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கணக்கில் எழுத முடியாது. மீனுக்கும் நோவு உண்டு. உலக விலங்கு சுகாதார அமைப்பின் நீர்வாழ் விலங்குகளுக்கான நெறிமுறையில், வளர்ப்பு மீனைக் கொண்டுபோகும்போது அதன் நலனைப் பேணுவதற்கென்றே தனி அத்தியாயம் வைத்திருக்கிறார்கள். நார்வேயில் இளம் சால்மன் மீனைக் கடல் கூண்டுகளுக்குக் கொண்டுபோகக் கிணறு மாதிரி தொட்டி வைத்த கப்பல்களே ஓடுகின்றன, உள்ளே தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்கும். அந்தப் பணமும் அந்த மீன் விலையும் நம்மிடம் இல்லை. ஆனால் மூச்சுத் திணறி மல்லாந்த குஞ்சைப் பையோடு வரப்பில் கொட்டிவிட்டு வருகிற வேலை உனக்குப் பிடிக்கவில்லை என்று நீயே ஒருமுறை சொன்னாய். அந்த மனசு இருக்கட்டும். அதற்காகவும் பையில் எண்ணிக்கையைக் குறை.

சரி, 25 காசை யார் தலையில் வைப்பது? வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும், பலன் அவருக்குத்தானே. ஆனால் "என் குஞ்சு நல்லா இருக்கும், 25 காசு கூடக் கொடுங்க" என்றால் யார் கொடுப்பார்? பக்கத்துப் பண்ணைக்காரரும் அதையேதான் சொல்வார். கண்ணால் பார்க்க வைக்க வேண்டும். நான் யோசித்தது இது.

சின்ன ஹாப்பா, மீட்டருக்கு மீட்டர், நாலைந்து தைத்து வை. சரக்கு இறக்கும்போது பைகளில் இருந்து கலந்து எடுத்த 100 குஞ்சை எண்ணி வாங்கினவர் குளத்திலேயே ஹாப்பாவில் விட்டுக் கட்டிவிட்டு வா. நாலாம் நாள் அவரே எண்ணட்டும். 95க்குக் கீழே இருந்தால் குறைந்த பங்குக்கு அடுத்த நடையில் குஞ்சு இலவசம், 95க்கு மேல் இருந்தால் பேசின கூடுதல் காசு. மூன்றாம் நாள் நான்காம் நாள் சாவதுகூட அதில் தெரிந்துவிடும், பாம்பின் மேல் பழி போட முடியாது. குஞ்சு விற்கிறவர்கள் இப்படிச் சொல்லப் பயப்படுவார்கள், அதனால்தான் சொல்கிறவருக்கு விலை கிடைக்கும்.

அவர் குளமே கெட்டிருந்தால் பழி உன் மேல் வருமே என்று கேட்பாய். அதற்கு வீட்டிலும் ஒரு கணக்கு வேண்டும். அதே வலையில் பிடித்த 100 குஞ்சைப் பையில் போடாமல் உன் குளத்து ஹாப்பாவில் விடு. இன்னொரு பையை நிரப்பிக் கட்டி, வண்டி போய்ச் சேர்கிற நேரம் வரைக்கும் உன் கொட்டகையிலேயே வைத்திருந்து பிரித்து, அதிலிருந்து 100ஐ வேறொரு ஹாப்பாவில் விடு. முதலாவது செத்தால் கோளாறு உன் வலையில். இரண்டாவது செத்தால் பை கட்டியதில். இரண்டும் நன்றாக இருந்து அங்கே மட்டும் செத்தால் ரோடு, இல்லாவிட்டால் அவர் குளம். ஒரு பருவம் இப்படி எழுதி வைத்தால் எதற்குச் செலவு செய்வது என்று நீ என்னைக் கேட்க வேண்டியிருக்காது. தண்ணீர் கெட்ட குளத்துக்காரருக்கு அதை முன்கூட்டியே சொல்லி, சுண்ணாம்பு போட்டுச் சரி செய்த பிறகு குஞ்சு விடச் சொல்கிற தைரியமும் வரும்.

ஒரு சங்கடமும் உண்டு, மறைக்க மாட்டேன். இந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் கணக்கு வைத்து மீன் வளர்ப்பவர்கள்தான். பண்ணைக்குட்டையில் ஏதோ கொஞ்சம் வளர்க்கிற சின்ன விவசாயி 25 காசையும் பார்ப்பார். அவரிடம் கூடுதல் கேட்காதே, ஆனால் பையில் அதே குறைந்த எண்ணிக்கையில் போட்டுக் கொடு. அவர் வாங்குவது 200, 300தான், அந்தச் செலவை நீ தாங்கலாம். ஊரில் பேர் சொல்வதும் அவர்தான்.

அதனால் இந்த வருஷம் கடன் மனு போடாதே. ஆடி பிறப்பதற்குள் ஹாப்பா தைக்கக் கொடுத்துவிடு, துணியை நல்ல நெருக்கமான கண்ணாகப் பார்த்து வாங்கு. பைக்கு 200க்கு மேல் போடுவதில்லை என்று ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல். மாப்பிள்ளைக்கு அது கஷ்டமாக இருக்கும், கேட்டுக்கொள்வார். தை மாதம் நோட்டை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். அதற்குள் ஒரே பாதையில் 15,000 விரலிக்கு ஆர்டர் சேர்கிற நடை பத்துப் பதினைந்தாவது இருந்தால், வண்டிக்கு முன்பணம் நானே தருகிறேன்.

அன்புடன்,
மாமா